தொங்கும் வன்தட்டுகளும் ஒரு திங்கட்கிழமையும்

கணினி செத்துப்போனால் கண்டுபிடிப்பது எளிது. திரை எரியாது, விசிறி சுற்றாது, யாருக்கும் சந்தேகம் வராது. சாகாமல் அப்படியே நின்றுவிடும் கணினிதான் ஆளைக் கொல்லும். விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, கடவுச்சொல் கொடுத்தால் உள்ளே விடுகிறது. ஆனால் ஒரு கோப்பைத் திற என்றால் மட்டும் பதில் இல்லை. முடியாது என்றும் சொல்வதில்லை, முடிந்தது என்றும் சொல்வதில்லை. கர்சர் மட்டும் மினுக் மினுக்கென்று எரிந்துகொண்டிருக்கும்.

ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் ஒரு திங்கட்கிழமை காலை இதுதான் நடந்தது. அங்கே ஒரு லினக்ஸ் சர்வர். அதில் தலா 2 டெராபைட் கொள்ளளவுள்ள நான்கு வன்தட்டுகள், ரெய்டு 5 முறையில் ஒன்றாகக் கோர்க்கப்பட்டவை. இயங்குதளம் தனியாக ஒரு சின்ன எஸ்எஸ்டியில். கல்லூரியில் எந்தத் துறைக்கு இடம் தேவைப்பட்டாலும் எல்லாரும் வந்து கொட்டுவது அந்த நான்கு டிஸ்க்குகளில்தான். பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எம்சிஏ இறுதியாண்டு மாணவன் ஒருவனிடம். பருவம் தொடங்கியபோது துறைத்தலைவர் கொடுத்த பொறுப்பு. இரண்டு மாதமாக எதுவும் கெட்டுப்போகவில்லை, ஆகவே அவனும் எதையும் தொட்டுப் பார்க்கவில்லை.

காலை 9 மணிக்கு மொழியியல் துறை ஆய்வு மாணவி ஒருவர் வந்து நின்றார். எல்லாருக்கும் அக்கா.

"தம்பி, என் ஃபோல்டர் திறக்கவே மாட்டேங்குது. காலைல இருந்து சுத்திக்கிட்டே இருக்கு."

அக்காவின் ஃபோல்டரில் இருந்தது 600 மணி நேர ஒலிப்பதிவு. நான்கு வருடம் ஊர் ஊராகப் போய், வயதானவர்களை உட்கார வைத்துப் பேசச் சொல்லி எடுத்த வட்டார வழக்குப் பதிவுகள். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜிபி என்று 600 ஜிபிக்கு மேல். பேசியவர்களில் சிலர் இப்போது உயிரோடு இல்லை. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இன்னும் இரண்டு மாதம்.

அவன் உள்ளே நுழைந்து, அந்த ஃபோல்டரில் என்ன இருக்கிறது என்று பட்டியல் கேட்டான். நின்றுவிட்டது. கன்ட்ரோல் சி அழுத்தினான், அசையவில்லை. இன்னொரு ஜன்னலைத் திறந்து அந்தக் கட்டளையைக் கில் மைனஸ் 9 கொடுத்துக் கொல்லப் பார்த்தான். லினக்ஸ் பழகியவர்களுக்குத் தெரியும், அதுதான் கடைசி ஆயுதம். அதற்கும் சாகவில்லை.

ஏன் சாகவில்லை? லினக்ஸில் ஒரு நிரல் வன்தட்டிடம் ஏதோ கேட்டுவிட்டுக் காத்திருக்கும்போது, கெர்னல் அதை 'டி' என்ற நிலையில் தூங்க வைக்கிறது. இடையில் எழுப்ப முடியாத தூக்கம். கொல்லச் சொல்லி அனுப்பும் சமிக்ஞை போய்ச் சேரும், ஆனால் தூக்கம் கலைந்தால்தான் வேலை செய்யும். வன்தட்டு பதில் சொன்னால்தான் தூக்கம் கலையும். ஆகவே கில் மைனஸ் 9 தோற்றுப்போனால் அதில் ஒரு செய்தி இருக்கிறது: சிக்கல் நிரலில் இல்லை, அதற்கும் கீழே எங்கேயோ.

இன்னொரு அடையாளமும் இருந்தது. லோடு ஆவரேஜ் 37 என்று காட்டியது, ஆனால் சிபியு கிட்டத்தட்டச் சும்மா இருந்தது. புதிதாகப் பார்ப்பவர்களைக் குழப்பும் விஷயம் இது. லினக்ஸ் லோடு கணக்கில், ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களோடு இப்படித் தூங்கும் 'டி' நிலை நிரல்களும் சேரும். ரேஷன் கடையில் பில் போடுபவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார், கிடங்குக்குள் போன ஆள் அரிசியோடு திரும்பி வரவில்லை, வெளியே வரிசை மட்டும் தெருமுனை வரை நிற்கிறது என்றால் எப்படி இருக்கும்? அதே கதைதான்.

இந்த நேரத்தில் ஆய்வக உதவியாளர் அண்ணன் வந்தார். இருபது வருட அனுபவசாலி. பார்த்தவுடன் சொன்னார்.

"ரீசெட் அடிச்சு விடு தம்பி. பத்து நிமிஷத்துல சரியாயிடும்."

பெரும்பாலான இடங்களில் இதுதான் முதல் வைத்தியம். பல நேரம் பலிக்கவும் செய்யும். ஆனால் பல வன்தட்டுகள் சேர்ந்திருக்கும் அமைப்பில் இது ஆபத்து. எழுதப்படாமல் நினைவகத்தில் காத்திருக்கும் தகவல் தொலையும். ரெய்டு 5-இல் தகவலும் அதற்குரிய சரிபார்ப்புத் தொகையும் வேறு வேறு டிஸ்க்குகளில் எழுதப்படுகின்றன. ஒன்று எழுதி மற்றது எழுதும் முன் நின்றுவிட்டால் இரண்டும் பொருந்தாது. ஒழுங்காக நிறுத்தப்படாத தொகுதி திரும்ப எழும்போது, பொருத்தம் பார்க்க எல்லா டிஸ்க்குகளையும் முழுதாக ஓடவிடும். ஏற்கனவே மூச்சு வாங்கும் டிஸ்க்குக்கு ஓட்டப்பந்தயம் வைத்த மாதிரி.

"அண்ணே, ஒரு அரை மணி நேரம் குடுங்க. என்னன்னு பாத்துட்டு அடிக்கலாம்" என்றான் அவன்.

முதலில் கெர்னல் செய்திகளைப் பார்த்தான். அவை நினைவகத்தில் இருப்பவை, தொங்கும் டிஸ்க்குகளைத் தொடாமலே படிக்கலாம். இன்னின்ன நிரல் 120 நொடிகளுக்கு மேல் தடைபட்டு நிற்கிறது என்ற எச்சரிக்கை வரிசையாக வந்திருந்தது. அதற்கிடையே வேறொரு செய்தி: ஒரு சாட்டா இணைப்பு உறைந்துவிட்டது, இணைப்பை வலுக்கட்டாயமாக மீட்டமைக்கிறேன். திரும்பத் திரும்ப அதே செய்தி, ஒவ்வொரு முறையும் அதே இணைப்பின் பேரில்.

இது முக்கியமான தடயம். பல இணைப்புகள் ஒரே நேரத்தில் அறுந்தால் பவர் சப்ளையையோ கன்ட்ரோலரையோ சந்தேகப்பட வேண்டும். ஒன்றே ஒன்று என்றால் அந்த டிஸ்க் அல்லது அதன் கேபிள்.

அடுத்து ஐஓஸ்டாட் என்ற கருவி. ஒவ்வொரு டிஸ்க்கும் எவ்வளவு வேலை செய்கிறது என்று நொடிக்கு நொடி காட்டும். முதல், இரண்டாம், நான்காம் டிஸ்க்குகள் 0 விழுக்காடு. மூன்றாவது 100 விழுக்காடு. நூறு என்றால் மும்முரமாக வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை. படித்தது பூஜ்யம், எழுதியது பூஜ்யம். வாங்கிய கட்டளையைக் கையில் வைத்துக்கொண்டு பதில் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. மற்ற மூன்றும் அதற்காகக் காத்திருக்கின்றன.

சரி, ஞாயிற்றுக்கிழமை யாரும் வராத ஆய்வகத்தில் இது ஏன் ஆரம்பித்தது? விடை எம்டிஸ்டாட் கோப்பில் கிடைத்தது. தொகுதியில் சரிபார்ப்பு ஓடிக்கொண்டிருந்தது, 61 விழுக்காட்டில் நின்றிருந்தது. டெபியன் லினக்ஸில் நீண்ட காலமாகவே மாதத்தின் முதல் ஞாயிறு, நள்ளிரவு தாண்டி 12:57 மணிக்கு ரெய்டு தொகுதியை முதலிலிருந்து கடைசி வரை படித்துப் பார்க்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. யாரும் திறக்காத கோப்புகள் இருக்கும் மூலைகளையும் தட்டிப் பார்க்கத்தான் அது. தட்டியபோது ஒரு மூலையில் கெட்டுப்போன செக்டார் இருந்திருக்கிறது.

இங்கேதான் கதையின் மையம். வன்தட்டில் ஒரு செக்டார் கெட்டுப்போவது அதிசயமே இல்லை. நாலு டிஸ்க்கைக் கோர்த்திருப்பதே அதற்காகத்தானே? பிறகு ஏன் மொத்த அமைப்பும் நிற்க வேண்டும்?

காரணம் அந்த டிஸ்க்கின் பிடிவாதம். அவை நான்கும் வீட்டுக் கணினிக்காகச் செய்யப்பட்ட டிஸ்க்குகள், விலை குறைவென்று வாங்கியவை. வீட்டுக் கணினியில் ஒரு டிஸ்க்தான் இருக்கும். அதில் படிக்க முடியாததை வேறெங்கும் போய்ப் படிக்க முடியாது. ஆகவே அது விடாமல் முயற்சி செய்யும்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. மறுபடி மறுபடி படிக்கும், ஊசியைக் கொஞ்சம் நகர்த்திப் படிக்கும். இப்படி ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் கூடப் போகும். அவ்வளவு நேரமும் வேறு எதற்கும் பதில் சொல்லாது.

இந்தப் பக்கம் லினக்ஸ் கெர்னல். அது ஒரு கட்டளைக்கு 30 நொடி காத்திருக்கும். பதில் வராவிட்டால் ஏதோ கோளாறு என்று இணைப்பை மீட்டமைத்துவிட்டு, அதே செக்டாரை மறுபடி கேட்கும். டிஸ்க் மறுபடி முதலிலிருந்து முயற்சியைத் தொடங்கும். 30 நொடியில் மறுபடி மீட்டமைப்பு. இரண்டு பேரும் அவரவர் கடமையைத்தான் செய்கிறார்கள். ஆனால் இரண்டும் சேர்ந்தால் செக்குமாடு மாதிரி சுற்றல்தான்.

ரெய்டுக்கென்றே விற்கும் டிஸ்க்குகளில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. பிழை மீட்பு நேரத்துக்கு வரம்பு வைப்பது. வழக்கமாக 7 நொடி. அதற்குள் படிக்க முடியாவிட்டால் முடியவில்லை என்று சொல்லிவிடும். சொன்னவுடன் ரெய்டு மென்பொருள் மற்ற மூன்று டிஸ்க்குகளிலிருந்து அந்தத் துண்டைக் கணக்கிட்டு, கேட்டவருக்கும் கொடுத்துவிட்டு, கெட்ட இடத்திலும் திரும்ப எழுதும். எழுதும்போது அந்த இடம் நிஜமாகவே பழுதென்றால் டிஸ்க் தன்னிடம் உள்ள உபரி செக்டார் ஒன்றை அங்கே மாற்றிக்கொள்ளும். பயன்படுத்துபவருக்கு எதுவுமே தெரியாது. முடியவில்லை என்ற ஒரு சொல் வராததால்தான் இங்கே இத்தனை பேர் காத்துக்கிடந்தார்கள்.

இதையெல்லாம் அவன் விளக்கியதும் ஆய்வக அண்ணன் தயங்கவில்லை.

"அப்ப விஷயம் முடிஞ்சுது. மூணாவது டிஸ்க்க உருவிட்டுப் புதுசு மாட்டு. ஒண்ணு போனாலும் தாங்கும்னுதானே ரெய்டு போட்டிருக்கு?"

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அவனும் கையில் திருப்புளியை எடுத்துவிட்டான். அப்புறம்தான், மற்ற மூன்றும் நலமா என்று பார்க்கவே இல்லையே என்று தோன்றியது. எல்லா வன்தட்டுகளும் தங்களைப் பற்றித் தாங்களே ஒரு நாட்குறிப்பு வைத்திருக்கின்றன, ஸ்மார்ட் என்று பெயர். அதில் பார்க்க வேண்டிய வரிசைகள் சில. 5 என்றால் ஏற்கனவே மாற்றப்பட்ட செக்டார்கள். 197 என்றால் படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. 199 ஏறிக்கொண்டே போனால் கேபிளைச் சந்தேகப்பட வேண்டும்.

மூன்றாவது டிஸ்க்கில் 199 பூஜ்யம், கேபிள் குற்றவாளி அல்ல. 197-இல் 24. எதிர்பார்த்ததுதான். இரண்டாவதும் நான்காவதும் சுத்தம். முதல் டிஸ்க்கில் 197-இல் 8.

அவன் திருப்புளியைக் கீழே வைத்தான்.

ஏன் என்று ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். நான்கு டிஸ்க்குகள். ஒரு வரிசையில் 12, 7, 20 என்ற மூன்று எண்கள், நான்காவதில் அவற்றின் கூட்டுத்தொகை 39. எந்த ஒன்று அழிந்தாலும் மற்ற மூன்றை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். உண்மையில் நடப்பது கூட்டல் அல்ல, எக்ஸார் என்ற பிட் கணக்கு. கூட்டுத்தொகையும் ஒரே டிஸ்க்கில் இல்லாமல் நான்கிலும் மாறி மாறி உட்கார்ந்திருக்கும். ஆனாலும் தத்துவம் இதுதான்: ஒரு வரிசையில் ஒன்று போகலாம், இரண்டு போகக்கூடாது.

இப்போது நூறாவது வரிசையில் மூன்றாவது டிஸ்க்கின் எண் படிக்க முடியவில்லை. இருநூறாவது வரிசையில் முதல் டிஸ்க்கின் எண் படிக்க முடியவில்லை. நான்கும் இடத்தில் இருக்கும்வரை இரண்டு வரிசையையும் மீட்கலாம், ஒவ்வொன்றிலும் ஒன்றுதானே இல்லை. ஆனால் மூன்றாவது டிஸ்க்கை உருவிவிட்டால்? எல்லா வரிசையிலும் ஒன்று போய்விட்டது. இருநூறாவது வரிசையில் இரண்டு போய்விட்டது. புது டிஸ்க்கை நிரப்புவதற்காக முதல் டிஸ்க்கைப் படிக்கும்போது அதுவும் அங்கே போய் நிற்கும், கெர்னல் அதையும் வெளியே தள்ளும், தொகுதி மொத்தமாக உட்கார்ந்துவிடும். அரைகுறையாக வேலை செய்யும் இரண்டு டிஸ்க்குகள் சேர்ந்திருக்கும்வரை தரவு பத்திரம். நல்லெண்ணத்தோடு ஒன்றை உருவினால் ஆபத்து.

ரெய்டு என்ற பெயர் பரவியது கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், பெர்க்லியைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் 1988-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து. அந்தப் பெயரில் உள்ள 'ஐ' என்ற எழுத்துக்கு அவர்கள் வைத்த பொருள் 'விலை குறைந்த' என்பது. விலை குறைந்த டிஸ்க்குகளைச் சேர்த்தும் பெரிய வேலை வாங்கலாம், அடிக்கடி கெடும் என்று தெரிந்தே கூடுதல் பிரதியை உள்ளே வைத்துக்கொள்ளலாம் என்பது வாதம். வாதம் சரிதான். ஆனால் கெட்டுப்போன டிஸ்க் கெட்டுப்போனேன் என்று சொல்லும் என்பது அதில் சொல்லாமலே அடங்கிய எதிர்பார்ப்பு.

அதற்கப்புறம் அவன் செய்த வேலைகளின் வரிசை முக்கியம்.

முதலில் சரிபார்ப்பு ஓட்டத்தை நிறுத்தச் சொன்னான். அந்தக் கட்டளையும் உடனே முடியவில்லை, கையிலிருந்த கோரிக்கை முடிந்த பிறகு, நாலு நிமிடம் கழித்துத்தான் நின்றது. அடுத்து, பிழை மீட்பு நேரத்தை 7 நொடியாகக் குறைக்க முடியுமா என்று டிஸ்க்குகளைக் கேட்டான். நான்கும் அந்த வசதியே கிடையாது என்றன. டிஸ்க்கின் பிடிவாதத்தைக் குறைக்க முடியாவிட்டால் கெர்னலின் பொறுமையைக் கூட்டுவதுதான் வழி. நான்கு டிஸ்க்குகளுக்கும் 30 நொடி வரம்பை 180 ஆக்கினான். டிஸ்க் எவ்வளவு நேரம் முயன்றாலும் முயலட்டும், கடைசியில் அதன் வாயாலேயே முடியவில்லை என்று வரட்டும்.

மூன்றாவதாக, எதையும் கழற்றும் முன் நகல். வெளி வன்தட்டு ஒன்றை மாட்டி, அக்காவின் ஒலிப்பதிவுகளை முதலில் அதில் ஏற்றத் தொடங்கினான்.

சாயங்காலம் 5 மணி. அக்கா பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். நகல் ஏறக்குறைய பாதியைத் தாண்டியபோது நின்றது. கோப்பின் பெயர் மாறவில்லை, எண் ஏறவில்லை. பத்து நொடி. முப்பது. ஒரு நிமிடம். அண்ணன்கூட டீயை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். ஒன்றே முக்கால் நிமிடம் போயிருக்கும், எண் நகர்ந்தது. கெர்னல் செய்தியில் ஒரு புது வரி: படிப்புப் பிழை சரிசெய்யப்பட்டது, 8 செக்டார்கள். மற்ற மூன்று டிஸ்க்குகளும் சேர்ந்து கணக்குப் போட்டுக் கொடுத்த துண்டு.

"இப்ப என்ன ஆச்சு தம்பி?"

"ஒண்ணுமில்லக்கா, முடியலன்னு சொல்லிடுச்சு. அவ்வளவுதான்."

நகல் இரவு 9 மணிக்கு முடிந்தது. எல்லா ஒலிப்பதிவுகளும் வந்துவிட்டன.

அதற்குப் பிறகுதான் அவன் இன்னொன்றைத் திறந்து பார்த்தான். சர்வரில் நிர்வாகிக்கு என்று ஓர் அஞ்சல் பெட்டி உண்டு. அந்தக் கணினியிலேயே கிடக்கும், வெளியே எங்கும் போகாது. அதில் டிஸ்க் கண்காணிப்பு நிரல் அனுப்பிய ஒரே ஒரு கடிதம் இருந்தது. மூன்றாவது டிஸ்க்கில் 8 செக்டார்கள் படிக்க முடியவில்லை. தேதியைப் பார்த்தான். 41 நாட்களுக்கு முன்னால். பொறுப்பு அவன் கைக்கு வந்த பிறகு.

கணினி சொல்லித்தான் இருக்கிறது. கேட்க வேண்டிய ஆள் கேட்கவில்லை. அதைப் பேசாமல் அழித்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அன்றைக்கு அவன்தான் கதாநாயகன், அண்ணன் முதுகில் தட்டிவிட்டுப் போயிருந்தார். கொஞ்ச நேரம் அந்தக் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பையை எடுத்துக்கொண்டிருந்த அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"ஒன்றரை மாசம் முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்க்கா. நான் பாக்கல."

அக்கா தேதியைப் பார்த்தார். உடனே எதுவும் பேசவில்லை.

"நானும்தான் நாலு வருஷத்த ஒரே எடத்துல வெச்சிருந்தேன்" என்றார் கடைசியில். "ரெய்டு இருக்கு, ரெய்டு இருக்குன்னு எல்லாரும் சொன்னாங்க. அது பேக்கப்புனு நெனச்சுக்கிட்டேன்."

இந்த நினைப்பு அக்காவுக்கு மட்டுமல்ல, பலருக்கும் உண்டு. ரெய்டு ஒரு டிஸ்க் கெட்டால் வேலை நிற்காமல் இருப்பதற்கு. தவறி அழித்தால், வைரஸ் வந்தால், மின்னல் அடித்தால் நான்கிலும் சேர்ந்தே போகும். வேறு இடத்தில் இருக்கும் இன்னொரு பிரதிதான் பேக்கப்.

மறுநாள் அவன் துறைத்தலைவரிடமும் போய் அதையே சொன்னான். திட்டு விழுந்தது. கூடவே இரண்டு டிஸ்க்குகளுக்கு அனுமதியும் கிடைத்தது. இந்த முறை ரெய்டுக்கென்றே வருபவை. வாங்கும் முன் இன்னொன்றையும் பார்த்துக்கொண்டான். தடங்களைக் கூரை ஓடு மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி எழுதும் எஸ்எம்ஆர் வகை டிஸ்க்குகள் தொடர்ந்து எழுதும்போது வெகுவாகத் திணறும், ரெய்டு நிரப்புதலுக்கு ஆகாது. 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் ரெட் வரிசையில், ரெய்டுக்கென்று விற்ற சில டிஸ்க்குகளிலேயே இந்த முறை இருந்தது தெரியவந்து பெரிய சர்ச்சையானது. ஆகவே பெட்டிமேல் இருக்கும் பெயரை மட்டும் நம்பாமல் மாடல் எண்ணை வைத்துத் தேடிப் பார்ப்பது நல்லது.

புதிய டிஸ்க்கை மாட்டும்போதும் பழையதை உருவவில்லை. 2012-இல் வந்த 3.3 கெர்னலிலிருந்து, பழைய டிஸ்க் தொகுதியில் இருக்கும்போதே அதிலிருந்து புதியதற்கு நகலெடுத்து, படிக்க முடியாத துண்டுகளை மட்டும் மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு எழுதி, முழுதாக முடிந்த பிறகே பழையதை விடுவிக்கும் வசதி இருக்கிறது. முதலில் மூன்றாவது, ஆறு மணி நேரம். அது முடிந்து முதலாவது, இன்னொரு ஆறு மணி நேரம். இடையில் ஒரு நொடிகூடத் தொகுதி ஒரு கால் இல்லாமல் நிற்கவில்லை. அடுத்து முழுச் சரிபார்ப்பு ஓட்டினான், ஒரு தொங்கலும் இல்லை.

கடைசியாக இரண்டு சின்ன வேலைகள். புது டிஸ்க்குகளின் 7 நொடி வரம்பு, பழையவற்றின் 180 நொடி வரம்பு, இரண்டுமே மின்சாரம் போய் வந்தால் மறந்துபோகும். ஒவ்வொரு முறை கணினி எழும்போதும் அமையும்படி ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதி வைத்தான். நிர்வாகி அஞ்சலைத் தன் கைபேசிக்கும், ஆய்வக அண்ணனுக்கும், துறைத்தலைவருக்கும் போகும்படி திருப்பிவிட்டான்.

சோதனைக்காக அனுப்பிய முதல் கடிதம் போனதும் அண்ணனின் போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு, "இனிமே இது வேறயா?" என்றார்.

"ஆமாண்ணே. நான் அடுத்த வருஷம் போயிடுவேன். அப்புறம் யாராவது படிக்கணும்ல."

அக்கா இப்போது மூன்று பிரதி வைத்திருக்கிறார். அதில் ஒன்று வீட்டில், அரிசி டிரம்முக்கு மேலே உள்ள பரணில்.